சிவப்புப் பலகையில் நான்கு எழுத்து

எனக்கு ஜப்பான் எழுத்து பதினேழு தெரியும். அதே பதினேழையும் சீன எழுத்து என்றும் சொல்லிக்கொள்ளலாம், யாரும் சண்டைக்கு வர முடியாது. ஆனால் இரண்டு மொழியிலும் ஒரு வாக்கியம் பேச வராது. "பேசத் தெரியாம படிக்க மட்டும் எப்படிம்மா தெரியும்?" என்று என் மகள் கேலி செய்வாள். தெரியும். 1991இல் பத்தே நாளில் கற்றுக்கொண்டது. அந்தப் பதினேழில் ஓர் எழுத்தால் என் வேலை போகப் பார்த்தது. அது தப்பிய அன்றே, இன்னோர் எழுத்தை நானே எடுத்துக் காட்டி வேலையைத் தொலைக்கப் பார்த்தேன்.

அந்த வருடம் மே மாதத்தில் எங்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகம் முழுக்கப் பத்திரிகையில் வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களில் வயதுப் பெண்ணை வைத்திருந்த அப்பாக்கள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. ரோட்டில் போலீஸ் ஜீப், லாட்ஜ் லாட்ஜாகச் சோதனை, யாரைப் பார்த்தாலும் எந்த ஊர் என்ற கேள்வி. என் அப்பா கழனியிலிருந்து பாதியில் எழுந்து வந்து, "வேலைக்குப் போனது போதும், வூட்டுல இரு" என்றார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் ஒன்றரை வருடமாக இருந்தேன். மெஷினிலிருந்து வரும் மூடியைப் பார்க்க வேண்டும், ஓரத்தில் பிசிறு இருந்தால் சீவ வேண்டும், தேறாததை ஒதுக்கி, ஏன் தேறவில்லை என்று ஒரு ரிஜெக்ட் சீட்டில் எழுத வேண்டும். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். நான் சரியில்லை என்று எழுதினால் அது சரியில்லைதான், ஃபோர்மேனே வந்தாலும் மாற்ற முடியாது. வீட்டில் என் பேச்சுக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

அதனால் விடவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார், பாதி தூரம். "ஆயுத பூசை வரிக்கும் போ. அன்னிக்கு வூட்டு ஆளுங்கள கூப்டுவாங்கல்ல, நானே வந்து உன்னக் கூட்டிக்கினு வரேன். அதோட நின்னுக்கணும்" என்றார். சரி என்றேன். அதற்குள் அவர் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன். மாறவில்லை. தினமும் காலையில் என்னோடு ரோடு வரைக்கும் நடந்து வந்து, கம்பெனி வேன் வரும்வரை நின்று, நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் திரும்புவார். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

அக்டோபரில் எங்கள் ஷெட்டுக்கு ஒரு பழைய மோல்டிங் மெஷின் வந்தது. ஜப்பானில் செய்தது, தைவானில் பல வருடம் உழைத்தது, அங்கிருந்து எங்கள் முதலாளி வாங்கியது. அதைப் பூட்டித் தர தைவானிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். குட்டையான ஆள், தவில் வித்வான் மாதிரிக் கை. அதில் வரும் மூடிகளை வாங்கப்போகிற ஜப்பான் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியரும் வந்தார், மெஷின் தேறுமா என்று பார்க்க. அவர் ஒல்லி. சட்டைப் பையில் நாலு பேனா. அவருக்காக மெட்ராஸிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டாம் நாளே காய்ச்சல், அப்புறம் ஆளைக் காணோம். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் 'யெஸ்', 'நோ', 'டீ' என்ற அளவில்தான்.

இரண்டு பேரும் மெஷினுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று முழித்தார்கள். தைவான்காரர் ஏதோ சொல்ல, ஜப்பான்காரர் உதட்டைப் பிதுக்கினார். சரிதான், இவர்களுக்கு நடுவில் நம் மெஷின் ஓடின மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது தைவான்காரர் விறுவிறுவென்று என் டேபிளுக்கு வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் ரிஜெக்ட் சீட்டுக் கட்டையும் பேனாவையும் எடுத்தார். ஒரு சீட்டின் பின்பக்கம் ஓர் எழுத்தை எழுதி நீட்டினார். ஜப்பான்காரர் அதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நேரே போய் ஆயில் டிரம்மைக் காட்டினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டும் வேறு தேசம், வேறு பாஷை. வாயைத் திறந்தால் ஒருவருக்கொருவர் ஊமை. சீட்டில் எழுதினால் மட்டும் எப்படிப் புரிகிறது? அன்று மதியம்வரை அவர்கள் என் கட்டிலேயே பேசிக்கொண்டார்கள். எழுதுவார், நீட்டுவார், வாங்குவார், எழுதுவார். நான் மூடியைப் பார்ப்பதுபோல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கீழே போட்ட சீட்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

டீ நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கோபிக்கவில்லை, குஷியாகிவிட்டார்கள். தைவான்காரர் 水 என்று எழுதி, தண்ணீர்ப் பானையைக் காட்டி "ஷ்வே" என்றார். ஜப்பான்காரர் அதே எழுத்தில் விரலை வைத்து "மிஸு" என்றார். நான் "தண்ணி" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஷெட்டில் தெலுங்கு பேசும் ஃபிட்டர் ஒருவர் உண்டு. 5 என்று எழுதியிருந்தால் அவர் 'ஐது' என்பார், நான் 'அஞ்சு' என்பேன், எண்ணிக்கை மாறாது. நமக்குப் பத்து எண்ணோடு நின்றுபோன வசதியை இவர்கள் தண்ணீருக்கும் நெருப்புக்கும் மலைக்கும் மனிதனுக்கும் வைத்திருக்கிறார்கள்.

இதைப் பற்றி நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் எழுத்து தெரிந்தவர் எதையும் வாய்விட்டுப் படித்துவிடலாம், அர்த்தம் தெரியாவிட்டாலும். சின்ன வயதில் நான் செய்யுள் ஒப்பித்ததெல்லாம் அப்படித்தான். இவர்களுக்குத் தலைகீழ். அடுத்தவர் எழுதியதை எப்படிச் சொல்வது என்று தெரியாது, அர்த்தம் மட்டும் கண்ணில் ஏறிவிடுகிறது. எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன். ஜப்பான்காரர் நடுநடுவே நெளிநெளியாக வேறு ஓர் எழுத்தையும் போடுவார். அதற்குத் தைவான்காரர் கையை விரிப்பார். ஒரே எழுத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம் ஆகிப்போனதும் சில இருந்தன. அங்கே இரண்டு பேரும் தலையைச் சொறிவார்கள். ஆனாலும் ஒரு மெஷினைப் பூட்டுவதற்கு வேண்டியதில் பெரும்பாலும் ஒத்துப்போனது.

தினமும் டீ நேரத்தில் இரண்டு எழுத்து. மனிதனுக்கு 人, இரண்டு காலும் அகட்டி நிற்கிறான். அவனுக்கு இரண்டு பக்கமும் பொறி பறந்தால் 火, நெருப்பு. கை, மரம், வாய், மலை. இப்படியே பெண்ணுக்கும் வந்தோம், 女. அதற்கு மறுநாள், மெஷினோடு பெட்டியில் வந்த வெள்ளைப் பலகை ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். நடுவில் பச்சை நிறத்தில் கூட்டல்குறி. பக்கத்து டேபிள் பெண் அதைச் சிலுவை என்று நினைத்து நெற்றியில் கைவைத்துக் கும்பிட்டாள். அதில் முதல் எழுத்தை நான் காட்டிக் கேட்டேன். மேலே ஒரு கூரை, கீழே எனக்குத் தெரிந்த அதே பெண், 安. தைவான்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூரைபோல் வைத்துக் காட்டினார். ஜப்பான்காரர் தன் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினார். பத்திரம், பாதுகாப்பு. இருவருக்கும் ஒரே அர்த்தம்.

எனக்குச் சுருக்கென்றது. கூரைக்குக் கீழே பெண் இருந்தால் பத்திரம். அதைத்தானே அப்பா மே மாதத்திலிருந்து சொல்கிறார், அங்கேயுமா என்று இருந்தது. பிற்பாடு சீனம் படித்த ஒருவரிடம் இதைக் கேட்டேன். வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பெண் என்றுதான் சொல்வார்கள் என்றார். இப்படி எழுத்துக்குப் பின்னால் சொல்லும் கதையை எல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள் என்றும் சொன்னார். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மெஷினின் முதல் ஓட்டத்தை முதலாளி ஆயுத பூஜை அன்றைக்கு வைத்துவிட்டார். முதல் நாளே ஷெட் முழுக்கக் கழுவி, எல்லா மெஷினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். புது மெஷினுக்குக் கலர் பேப்பர் தோரணம், வாழைக்கன்று, மாலை. காலையில் நான் போனபோது ஃபோர்மேன் பூஜைச் சாமான்களை அதன் பக்கவாட்டில், ஆயில் டேங்குக்கு எதிரே பரப்பிக்கொண்டிருந்தார். அங்கே டேங்கின் மேல் ஒரு சிவப்புப் பலகை உண்டு, வெள்ளையில் நான்கு எழுத்து. அதன் நாலு மூலைக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்.

"ஏன் சார் இங்க?" என்றேன்.

"கலரப் பாரு, குங்குமக் கலரு. மெஷின்லயே மங்களமா இருக்கற எடம் இதான். சாமி பேராத்தான் இருக்கும்."

நான்கு எழுத்தில் மூன்று எனக்குத் தெரியாது. முதல் எழுத்து தெரியும். இரண்டு பக்கமும் பொறி பறக்கும் மனிதன்.

"சார், மொத எழுத்து நெருப்பு சார்."

"அப்பறம் இன்னா, அக்னி பகவானே வந்துகீறாரு. நீ போயி கோலத்தப் போடு."

போனேன். கோலம் போட்டேன். இதை எழுதும்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. ஆயில் டேங்குக்கு மேலே சிவப்பில் நெருப்பு என்று ஒருவன் எழுதி வைத்தால் அது எதற்கு இருக்கும்? யோசிக்க ஒரு நிமிடம் போதும். முதலாளி வரும்வரை காத்திருந்து சொல்லியிருக்கலாம். தேறாத மூடியை ஒதுக்கத் தெரிந்தவளுக்கு அன்று வாய் வரவில்லை. கடைசி நாள், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். கோலம் நன்றாகத்தான் வந்தது.

பத்து மணிக்குக் குடும்பங்கள் வந்தன. என் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மெஷின்களைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கி வந்து, சுவரோரம் நின்றார். முதலாளி, அவர் மனைவி, அவர்களோடு தைவான்காரரும் ஜப்பான்காரரும் வந்தார்கள். இருவர் நெற்றியிலும் சந்தனம், கழுத்தில் மாலை. கூட்டத்தின் பின்னால் நிறுத்தப்பட்டதால் பூஜை நடக்கும் இடம் அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஃபோர்மேன் தேங்காய் உடைத்தார், கற்பூரத்தைக் கொளுத்தி மெஷினுக்கு மூன்று சுற்று காட்டினார், ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். பிறகு, எரிகிற கற்பூரத்தை ஒரு வெற்றிலையின் மேல் வைத்து டேங்கின் விளிம்பில், அந்தச் சிவப்புப் பலகைக்கு நேர் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

அப்போது இரண்டு குரல் ஒரே சமயத்தில் கேட்டது. தைவான்காரர் அவர் பாஷையில் கத்தினார், ஜப்பான்காரர் அவர் பாஷையில் கத்தினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சத்தம். கூட்டத்தில் பாதிப்பேர் அது அவர்கள் ஊர் வேண்டுதல் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் மட்டும் விரல்களைப் பார்த்தேன். இரண்டு விரலும் ஒரே பலகையை நோக்கி நீண்டிருந்தன. தெரியாத மூன்று எழுத்தும் எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது.

ஓடினேன். தோரணத்தின் நுனியில் ஏற்கெனவே நெருப்புத் தாவியிருந்தது. பூ வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்துக் கற்பூரத்தின் மேல் அழுத்தினேன். தைவான்காரர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து கலர் பேப்பரைப் பிடுங்கிக் காலால் மிதித்தார்.

கைதட்டல் நின்றுபோனது. ஃபோர்மேன் என்னைப் பார்த்துக் கத்தினார்: "பூசைக் கற்பூரத்த அணைச்சிட்டியேடி பாவி! நீ வெளங்குவியா? இந்தக் கம்பெனி வெளங்குமா?" முதலாளியின் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்திலிருந்து "பொட்டச்சிக்கு இன்னா திமிரு" என்று ஒரு குரல். சுவரோரம் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஃபோர்மேன் திட்டியது வலிக்கவில்லை. அப்பா குனிந்தது வலித்தது.

ஜப்பான்காரர் யாரையும் பார்க்கவில்லை. மண்டிபோட்டு டேங்குக்கு அடியில் கையைவிட்டு, ஒரு டிரேயை இழுத்து வெளியே வைத்தார். முதல் நாள் மெஷின்களைத் துடைத்த பனியன் வேஸ்ட் அத்தனையும் அதில் குவிந்திருந்தது, மண்ணெண்ணெயும் ஆயிலுமாக ஊறி. கற்பூரம் இருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. நாற்றம் ஷெட் முழுக்கப் பரவியது. ஃபோர்மேன் வாயை மூடிக்கொண்டார். முன்வரிசையில் நின்ற அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள்.

பிறகு ஜப்பான்காரர் என் சீட்டுக் கட்டை எடுத்துப் பலகையின் நான்கு எழுத்தையும் எழுதி, தைவான்காரரிடம் நீட்டினார். தைவான்காரர் படித்துவிட்டுத் தலையாட்டி, முதலாளிக்கு எதிரே நெருப்புக் கொளுத்துவதுபோல் காட்டிக் குறுக்கே கையை வெட்டினார். இங்கே நெருப்பே கூடாது. பிறகு இருவரும் என்னைக் காட்டினார்கள். முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. "விஜயதசமி முடிஞ்சு வந்துரும்மா" என்றார். கம்பெனியில் வேலை தப்பிவிட்டது. அப்பாவிடம் ஒப்புக்கொண்டபடிதான் இன்று கடைசி நாள்.

கம்பெனி வேனிலேயே அப்பாவோடு திரும்பினேன். இறங்கி நடந்தோம். பாதி வழியில், வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்தார். நல்ல வெயில். பக்கத்தில் எங்கள் கழனி.

"அந்தப் பலவையில இன்னாதான் எழுதிகீது?"

சொன்னேன். எப்படித் தெரியும் என்றார். பையிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போட மட்டும் வரும். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார், 男.

"மேல கீறது கழனி" என்றார். "நாலு பாத்தி. வரப்பு போட்டுகீது பாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. "ஆமாம்பா, கழனிதான். கீழ இருக்கறது வலு. ரெண்டும் சேந்தா ஆம்பள."

அப்பா சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "கழனியில பாடுபடறவன் ஆம்பள. சரியாத்தான் எழுதிகீறான். பொம்பளைக்கு இன்னா போட்டுகீறான்?"

அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. பெண்ணைக் காட்டினேன். அதோடு நிறுத்தாமல், கூரையையும் காட்டினேன். கீழே பொம்பளை, மேலே கூரை, பத்திரம்னு அர்த்தம் என்று வாயாலேயே சொல்லித் தொலைத்தேன்.

"பாத்தியா!" என்று தொடையில் தட்டினார். "ரெண்டு தேசத்துக்காரனும் ஒண்ணா சொல்றான். பொண்ணு வூட்டுல இருந்தாதான் பத்திரம். இத நான் சொன்னா மட்டும் உனக்குக் கசக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கம் இல்லை, ஆத்திரம். நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

"இன்னிக்கு அந்த ஷெட்டுல நீ எங்க நின்னுக்கினு இருந்த?" என்றேன். "கூரைக்குக் கீழதானே? அத்தினி பொம்பளைங்களும் அத்தினி கொழந்தைங்களும் கூரைக்குக் கீழதான் நின்னுக்கினு கைதட்டினாங்க. பத்திரமாவாப்பா இருந்தீங்க?"

 அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது: ஓரம் பிசிறு, தேறாது.

"நம்மூரு ஆளுங்கள்ல அத்தப் படிக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதானா?" என்றார்.

"ஒருத்திதான்."

"அவனுங்க ரெண்டு பேரும் ஊருக்குப் பூட்டானுங்கன்னா?"

"பலகை இருக்கும்பா. படிக்க ஆள் இருக்காது."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றைத் தவிர. கழனி இருந்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன், கேட்கவில்லை. வீட்டு வாசல் வந்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அம்மா பார்த்தால் கேட்பாள் என்று.

செருப்பைக் கழற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "நாளன்னிக்கு வேன் எத்தினி மணிக்கு வரும்?"

ஐந்து மாதமாக ஒருநாள் விடாமல் அந்த வேனுக்காக என்னோடு நின்றவர் அவர்.

"ஏழே காலுக்குப்பா" என்றேன்.